நினைவைக் காக்கும் இதயம்

கடலூரை அடுத்த திருவந்திபுரத்தில், கெடிலம் ஆற்றங்கரையில், ஔஷதகிரி என்னும் சிறு குன்று இருக்கிறது. உச்சியில் கல்விக்குரிய தெய்வமாக மக்கள் வழிபடும் ஹயக்ரீவர் கோயில். ஏறிச்செல்ல 74 படிகள். பேரன் ஓடி ஏறிவிடுகிறான். தாத்தா நடுவில் நின்று மூச்சு வாங்குகிறார். இறங்கி வந்தால், செருப்பை எங்கே விட்டோம் என்பது அவருக்கு நினைவில்லை. "வயதாகிவிட்டது" என்று இரண்டுக்கும் ஒரே காரணம் சொல்லிவிடுகிறோம். வயது மட்டுமா காரணம்? இதயத்துக்கும் நினைவுக்கும் தொடர்பு உண்டா? பார்ப்போம்.

மூளையின் பங்கு

ஓய்வாக இருக்கும்போது இதயம் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மி.லி. இரத்தத்தை வெளியேற்றுகிறது. நிமிடத்துக்கு 72 துடிப்புகள் என்றால், 70 × 72 = 5,040 மி.லி.; அதாவது ஏறக்குறைய 5 லிட்டர். மூளையின் எடை சுமார் 1.4 கிலோகிராம், உடல் எடையில் 2 சதவீதமே. ஆனால் இந்த 5 லிட்டரில் 750 மி.லி. அதற்கே போகிறது. உடல் பயன்படுத்தும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கும் அதற்குத்தான். மூளையால் பிராணவாயுவைச் சேமித்து வைக்க இயலாது. இரத்த ஓட்டம் முழுவதும் நின்றால் பத்து விநாடிகளுக்குள் நினைவு தப்பிவிடும்.

அடிகுழாயும் தமனியும்

தெருவில் உள்ள அடிகுழாயைக் கவனித்திருப்பீர்கள். கைப்பிடியை அழுத்தும்போது தண்ணீர் குபுக்கென்று கொட்டும், உடனே குறையும். இதயமும் இப்படி விட்டுவிட்டுத்தான் இறைக்கிறது. ஆனால் பெருந்தமனி ரப்பரைப் போல் மீள்தன்மை உடையது. துடிப்பின்போது விரிந்து, பின் சுருங்கி, ஓட்டத்தைச் சீராக்குகிறது. வயதாலும் நீடித்த உயர் இரத்த அழுத்தத்தாலும் அது விறைத்துப்போனால், ஒவ்வொரு துடிப்பின் அதிர்ச்சியும் மூளையின் மெல்லிய குழாய்களைத் தாக்குகிறது. அவற்றின் சுவர் தடித்து, உட்புறம் குறுகுகிறது.

குறுகினால் என்ன? பாய்சொய் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1840களில் கண்ட விதி விடை தருகிறது. மற்றவை மாறாதிருந்தால், குழாயில் ஒரு விநாடியில் பாயும் திரவத்தின் அளவு, ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆரம் பாதியானால் ஓட்டமும் பாதியாகும் என்று நினைக்காதீர்கள். பதினாறில் ஒரு பங்காகிவிடும்! உயிருள்ள குழாய் விரிந்து சுருங்கக்கூடியது. ஆகவே இவ்விதி அதற்குத் தோராயமாகவே பொருந்தும். நலமான சிறுகுழாய்கள் தேவைக்கேற்ப விரிந்து குறைவை ஈடுசெய்கின்றன. தடித்த குழாய்களுக்கு அத்திறன் குறைந்துவிடுகிறது. அவை வளர்க்கும் நரம்பிழைகள் ஆங்காங்கே நலிகின்றன. சிந்தனை வேகமும் நினைவும் குன்றுகின்றன.

தடுக்க முடியுமா?

அமெரிக்காவில் 50 வயதைக் கடந்த 9,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2019இல் வெளிவந்தது. மேல் அழுத்தத்தை 140 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே வைக்க முயன்றவர்களைவிட, 120க்குக் கீழே வைக்க முயன்றவர்களிடம் மறதி நோயின் முன்நிலை 19 சதவீதம் குறைவாக இருந்தது. முற்றிய மறதி நோயும் குறைந்தது என்று அந்த ஆய்வால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எல்லா மறதிக்கும் இரத்தக் குழாய்தான் காரணம் என்பதும் இல்லை. அல்சைமர் நோயில் மூளையில் புரதங்கள் படிகின்றன. ஆனால் முதியோர் பலரிடம் இவ்விரண்டு கேடுகளும் சேர்ந்தே காணப்படுகின்றன.

உயர் அழுத்தம், சர்க்கரை நோய், மிகுந்த கொழுப்பு, புகைபிடித்தல், உடலுழைப்பின்மை ஆகியவை இதயத்தைப் போலவே மூளையையும் கெடுக்கின்றன. இக்கேடு அறுபதில் தொடங்குவதில்லை. நாற்பதிலேயே ஓசையின்றித் தொடங்கிவிடுகிறது. ஆகவே தாத்தாவை மட்டுமல்ல, அப்பாவையும் அம்மாவையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மருத்துவர் மாத்திரை கொடுத்தால், "இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று அவர்கள் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செய்து பாருங்கள்: ஒரு குழாயின் ஆரம் 10 சதவீதம் குறைந்தால் ஓட்டம் எத்தனை சதவீதம் குறையும்? (விடை: 0.9-ஐ நான்கு முறை பெருக்கினால் ஏறக்குறைய 0.66. ஆகவே 34 சதவீதம் குறையும்.)