பம்பு நின்றால் மீனுக்கு எவ்வளவு நேரம்?

இரவில் மின்சாரம் போனால் நமக்கு விசிறி நிற்கும், கொசு கடிக்கும், அவ்வளவுதான். கடல்நீர்த் தொட்டியில் இருக்கும் மீன்களுக்கோ அந்த நிமிடத்திலிருந்தே மூச்சுக் கணக்குத் தொடங்கிவிடும்.

மாணவர்களே, 2022 ஜூலை 27-ஆம் நாள் ஜொகூர், யொங் பெங்கில் உள்ள ஒரு மின் துணைநிலையத்தில் கருவி பழுதானது. அதனால் தீபகற்ப மலேசியாவின் பல பகுதிகளில் மின்சாரம் தடைப்பட்டது. வீட்டிலோ பள்ளியிலோ பெரிய மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் எதிர்பார்த்திருக்க வேண்டிய நாள் அது. ஆனால் பம்பு நிற்க மின்தடைதான் வேண்டும் என்பதில்லை. அதன் சுழலியில் சுண்ணாம்புப் படிவு ஏறினாலோ, சிறு நத்தை ஒன்று உள்ளே சிக்கினாலோ போதும்.

பம்பு நின்றால் மீன் ஏன் சாகிறது? "தண்ணீர் அழுக்காகிவிடும்" என்றுதான் பலரும் சொல்வார்கள். அழுக்கு கொல்ல ஒரு நாளாவது ஆகும். அதற்கு முன்பே கொல்வது மூச்சுத்திணறல்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் ஊர் வெப்பமான 28 பாகை செல்சியசில், ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 6.4 மில்லிகிராம் உயிர்வளி கரைந்து நிற்கும். அதே வெப்பத்தில் நன்னீரில் 7.8 மில்லிகிராம் கரையும். உப்பு கூடினாலும் சூடு கூடினாலும் உயிர்வளி குறையும். கடல்நீர்த் தொட்டிக்கு நம் நாட்டில் இரண்டு இடியும் சேர்ந்தே விழுகின்றன.

1,000 லிட்டர் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள மொத்த உயிர்வளி 6.4 கிராம், அதாவது ஒன்றரைத் தேக்கரண்டிச் சீனியின் எடை. அதே அளவு காற்றில் ஏறத்தாழ 270 கிராம் உயிர்வளி இருக்கிறது! மீன் எவ்வளவு வறுமையில் மூச்சுவிடுகிறது என்று பாருங்கள்.

தொட்டியில் மொத்தம் 2 கிலோ மீன் இருப்பதாகவும், கிலோவுக்கு மணிக்கு 300 மில்லிகிராம் உயிர்வளி செலவாவதாகவும் வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பல மீன்கள் தவிக்கத் தொடங்கும். ஆகவே செலவழிக்கக் கிடைப்பது 3.4 கிராம்தான். மணிக்கு 0.6 கிராம் என்றால் ஐந்தரை மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்கும். ஆனால் பவளங்களும் இறால்களும் மணலில் வாழும் பாக்டீரியாக்களும் மூச்சுவிடுகின்றன. அவை எல்லாம் சேர்ந்து மீன்கள் எடுக்கும் அளவுக்கே எடுத்தால், நேரம் மூன்று மணிக்கும் குறைந்துவிடும். இரவென்றால் பாசிகளும் உயிர்வளி தராமல் எடுக்கவே செய்யும். நீர்ப்பரப்பு வழியே சிறிது உள்ளே வருவதை இங்கே சேர்க்கவில்லை, இது தோராயக் கணக்குத்தான்.

அந்த நீர்ப்பரப்பில்தான் முழு ரகசியமும் இருக்கிறது. காற்றுக் குமிழிகள் தண்ணீருக்குள் உயிர்வளியைக் கொட்டுகின்றன என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அவை செய்யும் வேலை வேறு: அடியில் உள்ள நீரை மேலே தூக்கிவந்து, மேற்பரப்பைக் கலக்கிவிடுகின்றன. பம்பும் அதையேதான் செய்கிறது. அது நின்றதும் மேலேயுள்ள மெல்லிய படலம் மட்டும் காற்றோடு பேசிக்கொண்டிருக்க, அடியில் உள்ள நீர் பட்டினி கிடக்கும்.

பெரிய தொட்டி என்றால் ஆபத்துக் குறைவு என்று நம்பிவிடாதீர்கள். தொட்டியின் நீள, அகல, உயரங்களை இரண்டு மடங்காக்கினால் நீர் எட்டு மடங்காகும். மேற்பரப்போ நான்கு மடங்குதான். ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கும் 'சன்னல்' பாதியாகிவிடுகிறது. ஜொகூரில் 2019-இல் திறக்கப்பட்ட சீ லைஃப் மலேசியா போன்ற மீன்காட்சியகங்களில் பம்புகளும் அவசர மின்சாரமும் அலங்காரமல்ல, மீன்களின் உயிர்நாடி.

அந்த உயிர்நாடி அறுந்தால் என்ன ஆகும் என்பதை 2005-இல் உலகம் பார்த்தது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரை ஆகஸ்டு 29-ஆம் நாள் கத்ரீனா புயல் தாக்கியது. அங்குள்ள ஆடுபன் மீன்காட்சியகக் கட்டடம் புயலுக்குத் தாக்குப்பிடித்தது. ஆனால் நகரம் குலைந்ததால் ஊழியர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. பின்னர் அவசர மின்னாக்கியும் நின்றது. ஏறத்தாழ 10,000 மீன்களில் பெரும்பாலானவை மடிந்தன. பென்குவின்களும் கடல் நீர்நாய்களும் பிழைத்தன. காரணம் புரிகிறதா? அவை காற்றை நேரடியாகச் சுவாசிப்பவை.

சரி, உங்கள் வீட்டுத் தொட்டியின் பம்பு நின்றுவிட்டது. என்ன செய்வீர்கள்? முதலில், கையைத் தண்ணீருக்குள் விடாதீர்கள். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். பெரியவர்களை அழையுங்கள், சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே எதையும் தொட வேண்டும். மின்கசிவுத் துண்டிப்பான் விழுந்திருந்தால் அதை மீண்டும் மீண்டும் தூக்கிப் பார்ப்பது முட்டாள்தனம். அது காரணமில்லாமல் விழுவதில்லை.

அடுத்து தரையைப் பாருங்கள். கீழே வடிகட்டித் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு, பம்பு நின்றதும் மேலுள்ள நீர் திரும்பும் குழாய் வழியே இறங்கிக் கீழ்த்தொட்டியை வழியவிடும். அந்தக் குழாயில், நீர்மட்டத்திற்குச் சற்றுக் கீழே சிறு துளை இட்டிருந்தால், மட்டம் இறங்கியதும் காற்று புகுந்து ஓட்டத்தை நிறுத்திவிடும். இரண்டு வெள்ளிக் குழாயில் ஒரு துளை, எத்தனை வரவேற்பறைகளைக் காப்பாற்றியிருக்கும்!

பிறகு மேற்பரப்பைக் கலக்குங்கள். தூண்டில்காரர்கள் உயிர் இறாலை வைத்திருக்கப் பயன்படுத்தும் பேட்டரி காற்றுப் பம்பு மலிவானது, மீன்பிடிக் கடையில் கிடைக்கும். அதுவும் இல்லையென்றால், சோப்புப் படாத குவளையால் நீரை அள்ளி, ஓர் அடி உயரத்திலிருந்து ஊற்றுங்கள். கை வலிக்கும், மாறி மாறிச் செய்யுங்கள். தொட்டியின் மூடியைத் திறந்துவிடுங்கள். உணவு போடாதீர்கள்: செரிமானத்துக்கே மீன் கூடுதல் உயிர்வளி செலவழிக்கும், மிஞ்சிய உணவு அழுகி இன்னும் கொஞ்சத்தைத் தின்னும். பதற்றத்தில் குழாய்நீரை ஊற்றிவிடவும் வேண்டாம். அதில் குளோரின் இருக்கும், உப்பளவும் மாறிவிடும்.

மின்சாரம் திரும்பியதும் பலர் உடனே எல்லாவற்றையும் முடுக்கிவிடுகிறார்கள். இங்கேதான் இரண்டாவது ஆபத்து. மூடிய குடுவை வடிகட்டியில் அம்மோனியாவை உண்டு வாழும் நல்ல பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவற்றுக்கும் உயிர்வளி வேண்டும். நீரோட்டம் நின்றபின் உள்ளே இருந்ததைத் தீர்த்துவிட்டு அவை சாகத் தொடங்கும். அப்போது உயிர்வளி தேவைப்படாத வேறு பாக்டீரியாக்கள் தலைதூக்கும். ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 2.7 கிராம் சல்ஃபேட்டு இருக்கிறது. அவை அதைக் கொண்டு அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்கும். அது மீனுக்கு நஞ்சு. ஆகவே சில மணி நேரம் நின்றுபோன வடிகட்டியைத் திறந்து, உள்ளே தேங்கிய நீரைக் கொட்டி, பஞ்சையும் கற்களையும் தொட்டி நீரிலேயே அலசிய பிறகே இயக்க வேண்டும். அடுத்த சில நாட்களுக்கு அம்மோனியாவைச் சோதித்துப் பாருங்கள். இறந்த பாக்டீரியாக்களின் வேலையைச் செய்யப் புதியவை பெருகும்வரை உணவையும் குறையுங்கள்.

இந்த வாரம் ஒரு வேலை. உங்கள் பள்ளியிலோ வீட்டிலோ உள்ள மீன்தொட்டியின் நீள, அகல, ஆழத்தை அளந்து, நீர்ப்பரப்பைக் கொள்ளளவால் வகுத்துப் பாருங்கள். அகன்று ஆழம் குறைந்த தொட்டிக்கும், ஒடுங்கி உயரமான தொட்டிக்கும் அதே கணக்கைச் செய்யுங்கள். கடைக்காரர் அழகு என்று காட்டும் உயரமான தொட்டியைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றுகிறது?