வலையில் சிக்கிய உயிரும் நம் பொறுப்பும்



டோல்கேட்டில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நாம் நின்றிருந்தபோது, ஃபைபர் படகில் பங்குக்குத் தொழில் செய்யும் ஒரு சகோதரர் வந்து ஸலாம் கூறினார். "ஹஜ்ரத்! வலையில் ஆமை சிக்கிக்கொள்கிறது. வலையை அறுத்தால்தான் அது பிழைக்கும். வலையோ படகு முதலாளியுடையது. அறுத்தால் அவருக்கு நஷ்டம், அறுக்காவிட்டால் ஓர் உயிர் போகிறது. எது பாவம்?" என்று கேட்டார்.

கேள்வி சிறியது. ஆனால் ஓர் ஏழையின் கூலி, ஒரு முதலாளியின் பொருள், வாய் பேசாத ஒரு ஜீவன் ஆகிய மூன்றும் அதில் பின்னிக் கிடக்கின்றன. ஆகவே இம்மாதப் பாடமாக அதையே எடுத்துக் கொள்கிறோம்.

ஆமையின் நிலை

நம் கடலுக்கு வருவது பெரும்பாலும் பங்குனி ஆமை. ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை பெண் ஆமைகள் இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி, ஒரு தடவைக்கு நூறு முட்டைகளுக்கு மேல் இடும். குஞ்சுகள் ஏறக்குறைய ஒன்றரை மாதம் முதல் இரண்டு மாதத்தில் வெளிவரும். இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலரிப்பைத் தடுக்கக் கற்கள் கொட்டப்பட்டிருப்பதால், அவை முட்டையிட ஏற்ற மணல் நம் பக்கம் குறைந்துவிட்டது.

ஆமை கடலில் வாழ்ந்தாலும் மீனைப்போல் நீரில் மூச்சுவிடுவதில்லை. மேலே வந்து காற்றைச் சுவாசிக்க வேண்டும். இழுவை மடிக்குள் அகப்பட்டு நீண்ட நேரம் அடியிலேயே இழுபட்டால் மூச்சு முட்டி இறந்துவிடும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியதை நாம் மறக்கவில்லை. கிழக்குக் கடலில் 61 நாள் மீன்பிடித் தடை ஏப்ரல் 15-ல்தான் தொடங்குகிறது. ஆமைகள் கூடும் பருவமோ அதற்கு முன்பே பெரும்பாலும் கழிந்துவிடுகிறது. ஆகவே அந்த மாதங்களில் அவற்றின் உயிர் படகில் இருப்பவரின் கையில்தான் இருக்கிறது.

மார்க்கம் கூறுவதென்ன?

ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான சொற்படி ஆமை உண்ணத் தகாதது. ஹனஃபி மத்ஹபிலோ நீர்வாழ்வனவற்றில் மீன் மட்டுமே ஆகும். ஆக, நமக்கு அது உணவுமன்று. அதன் சாவினால் ஒருவருக்கும் பயனில்லை.

உரிய காரணமின்றி ஒரு சிட்டுக்குருவியைக் கொன்றவனையும் அல்லாஹுத்தஆலா மறுமையில் விசாரிப்பான் என்று ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். உண்பதற்காக அறுப்பதே அதற்குரிய காரணம். கொன்று வீசுவதல்ல என்றும் விளக்கியுள்ளார்கள். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணின் கதியும், தாகித்த நாய்க்குக் கிணற்றிலிறங்கி நீர் எடுத்துக் கொடுத்தவரின் பாக்கியமும் நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரிந்தவையே.

வலை விரித்தவர் ஆமையைத் தேடி விரிக்கவில்லை. தெரியாமல் நேர்ந்ததற்குக் குற்றமில்லை. ஆனால் காப்பாற்ற முடிந்தும் அலட்சியமாக விட்டுவிடுவது வேறு விஷயம்.

இனி, முதலாளியின் பொருள். ஃபிக்ஹு நூல்களிலிருந்து இரண்டு சட்டங்களைக் கவனியுங்கள். இருக்கும் தண்ணீர் தாகத்தால் தவிக்கும் ஒரு பிராணிக்கே தேவைப்பட்டால், அதைப் பிராணிக்குக் கொடுத்துவிட்டு நாம் தயம்மும் செய்ய வேண்டும். ஒளுவே ஓர் உயிருக்காக வழி விடுகிறது! இரண்டாவது: பிறருடைய நூலை அபகரித்து ஒரு பிராணியின் காயத்தைத் தைத்துவிட்டால், உயிருக்கு ஆபத்து என்னும்போது அந்த நூலை உருவக்கூடாது. அது உண்ணத் தகாத பிராணியானாலும் சரியே. ஆனால் உரியவருக்கு நூலின் கிரயத்தைக் கொடுத்தாக வேண்டும். உயிரும் காக்கப்படுகிறது, பொருளுக்குடையவரின் உரிமையும் அழிவதில்லை.

ஆகவே அந்தச் சகோதரருக்கு நாம் சொன்னது இதுதான்: வலை உங்கள் கையில் அமானத். பருவம் தொடங்குமுன்பே, ஆமை சிக்கினால் தேவையான அளவு கண்ணிகளை அறுக்க முதலாளியிடம் அனுமதி பெற்று வையுங்கள். அனுமதி அளிக்கும் முதலாளிக்கும் அந்த நன்மையில் பங்குண்டு.

நஷ்டத்தை யார் சுமப்பது?

ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் காலத்தில் 'ஹிமா' எனும் காப்பு மேய்ச்சல் நிலங்கள் இருந்தன. அதன் காவலுக்கு ஹுனைய் என்பவரை அமர்த்தியபோது, சில ஒட்டகங்களும் சில ஆடுகளுமே உடைய ஏழைகளை உள்ளே விடும்படியும், பெருஞ்செல்வர்களின் மந்தைகளைத் தடுக்கும்படியும் கட்டளையிட்டார்கள். செல்வருக்கு மந்தை அழிந்தாலும் தோட்டம் துரவு உண்டு. ஏழையோ பிள்ளை குட்டிகளுடன் என்னிடம்தான் வந்து நிற்பான் என்று காரணமும் கூறினார்கள். காப்பு என்பது எளியவரை விரட்டுவதல்ல. பாரத்தை வலியவர் தோளில் ஏற்றுவதே அதன் நீதி.

இது இன்றும் நடைபெறக் கூடியதே. குஜராத் கரையில் ஒருகாலத்தில் வேட்டையாடப்பட்ட திமிங்கலச் சுறாவை, 2004 முதல் மீனவர்களே வலையை அறுத்து விடுவித்து வருகிறார்கள். வலைக்கான இழப்பீட்டை அரசு கொடுக்கிறது. நம் தமிழகத்தில் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022-ல் கடல்பசுக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே வலையில் சிக்கிய கடல்பசுவைத் திரும்பக் கடலில் விட்ட மீனவர்கள் கௌரவிக்கப்பட்டுள்ளனர். சான்ஸிபாரைச் சேர்ந்த மிஸாலித் தீவைச் சுற்றி மீன்பிடிப்போர் பெரும்பாலும் முஸ்லிம்களே. அங்கே வெடி வைத்து மீன் பிடிப்பதை நிறுத்த, ஆலிம்கள் மார்க்க போதனையால் துணை நின்றார்கள்.

இழுவை மடிக்கும் வழியுண்டு. மடிக்குள் கம்பிச் சட்டமும் அதன் மேல் ஒரு திறப்பும் வைத்தால், இறால் உள்ளே போகும், ஆமை வெளியேறிவிடும். கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிலையம் இதை நம் மடிகளுக்கேற்ப வடிவமைத்துள்ளது. மீனும் கொஞ்சம் தப்பும் என்று தொழிலாளிகள் தயங்குவது உண்மை. ஆனால் இச்சட்டம் இல்லாததைக் காட்டி 2019-ல் அமெரிக்கா நம் கடல் இறாலை வாங்க மறுத்தபோது வந்த நஷ்டம் அதைவிடப் பெரிது.

செய்ய வேண்டியவை

1. உயிருள்ள ஆமையை உடனே, ஓட்டைப் பிடித்து மெதுவாகக் கடலில் விடுக.

2. அசைவற்றிருந்தால் செத்ததென்று முடிவு கட்டிக் கடலில் எறிய வேண்டாம். மயங்கியிருக்கலாம். வயிறு கீழாக வைத்து, பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி, நிழலில் ஈரத்துணி போர்த்திப் பல மணி நேரம் பொறுத்திருங்கள். உணர்வு வந்தபின் விடுங்கள்.

3. மடி இழுப்போர் இழுக்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். கரையை ஒட்டி இழுக்காதீர்கள்.

4. வசதியுள்ளோரும் ஜமாஅத்தாரும் வலை பழுதுக்கென ஸதக்காவில் ஒரு சிறு தொகை ஒதுக்குங்கள். அறுபட்ட வலையைத் தைத்துக் கொடுப்பதும் தர்மமே.

5. தாய்மார்களே! கடலுக்குப் போகும் பிளாஸ்டிக் பையை ஆமை இரையென்று விழுங்கிவிடும். அதை வீட்டிலேயே தடுப்பது உங்கள் பங்கு.

ஊர்வனவும் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று திருமறை உணர்த்துகிறது. அச்சமுதாயங்களின் உரிமையையும், நம்மில் உழைத்துண்போரின் உரிமையையும் ஒருங்கே பேணும் நல்லுள்ளத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.