நகர இரவுப் படத்திற்கு நியோன் ஒளியூட்டல்

தமிழாசிரியன் ஒருவன் இலக்கணத்தை விடுத்து ஒளிப்படத்தைப் பற்றி எழுதப் புகுவதைக் காணும் பழைய மாணவர் சிலர் புன்முறுவல் பூத்தல் கூடும். கல்லூரி ஒளிப்படக் கழகத்தின் பொறுப்பைச் சில ஆண்டுகளாக யான் தாங்கி வருவதே இதற்குக் காரணம். விழாக் கண்காட்சிக்கு ஆயத்தஞ் செய்த நாள்களில் மாணாக்கரும் யானும் சேர்ந்து கற்ற பாடமொன்றை ஈண்டு எழுதுகின்றேன். கற்பித்த பாடமென்று கூறாது கற்ற பாடமென்று கூறியது நாவழுக்கன்று.

கப்பலிற் பணியாற்றி இளைப்பாறிய பழைய மாணவர் ஒருவர், அண்மையில் ஹொங்கொங் நகருக்கு மீண்டுஞ் சென்றிருந்தபோது எடுத்த படமொன்றைக் கழகத்துக்குத் தந்தார். கவுலூன் பக்கத்துச் சிம் சா சுயிக் கடற்கரையில் நின்று, விக்டோரியாத் துறைமுக நீர்ப்பரப்புக்கு அப்பால், ஹொங்கொங் தீவின் கட்டட வரிசையை நோக்கி எடுத்த படம் அது. மேகம் மூடிய அந்திப் பொழுது. கட்டடங்கள் பலவற்றில் இன்னும் விளக்கேறவில்லை. "நான் கப்பலில் வந்துபோன காலத்தில் இந்தக் கரையெல்லாம் நியோன் விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தை இதிலே ஏற்றித் தாருங்கள்" என்று அவர் கேட்டுக்கொண்டார்.

மாணாக்கர் மிக்க ஊக்கத்தோடு இரண்டு மாலைகளில் வேலையை முடித்துக் கொணர்ந்தனர். கட்டட விளிம்புதோறும் சிவப்பும் பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள் பளபளத்தன. ஆயினும் படம் உயிர்பெறவில்லை. திருவிழாப் பந்தலில் ஒட்டிய வர்ணக் கடதாசிபோல விளக்குகள் ஒருபுறமும் நகரம் மற்றொருபுறமுமாய் நின்றன. குறை இன்னதென்று எமக்கு விளங்கவில்லை. அப்போது பின்வரிசையில் நின்ற கீழ்வகுப்புச் சிறுவன் ஒருவன், "சேர், கடலுக்கை ஒரு வெளிச்சமும் விழேல்லையே!" என்றான். அவ்வளவே. ஒளியின் வடிவத்தை வரைந்திருந்தோம். ஒளி செய்யும் தொழிலை வரைய மறந்திருந்தோம்.

முதற்கண், நியோன் என்பது யாதென அறிதல் வேண்டும். அது காற்றிலே மிகச் சிறு அளவினதாய்க் கலந்துள்ள ஒரு வாயு. நூறாயிரம் பங்கு காற்றில் இரண்டு பங்கினும் சற்றுக் குறைவாகவே உள்ளது. 1898ஆம் ஆண்டு இலண்டனில் வில்லியம் ராம்சே, மொரிஸ் திரவேர்ஸ் என்னும் அறிஞர் இருவர் அதனைக் கண்டறிந்தனர். 'புதியது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லே அதற்குப் பெயராயிற்று. பிரான்சு நாட்டினரான ஜோர்ஜ் குளோட் 1910ஆம் ஆண்டிற் பாரிஸ் மோட்டார்க் கண்காட்சியில் நியோன் குழாய் விளக்கைப் பலருங் காண ஏற்றிவைத்தார். கண்ணாடிக் குழாயினின்று காற்றை நீக்கி, நியோன் வாயுவைச் சிறிதளவே அடைத்து, இரு முனைகளிலும் பல்லாயிரம் உவோற்று மின்னழுத்தத்தைக் கொடுத்தால், ஓடும் இலத்திரன்கள் வாயுவின் அணுக்களைத் தாக்குகின்றன. தாக்குண்ட அணு தான் பெற்ற சத்தியை ஒளியாக உமிழ்ந்து பழைய நிலையை அடைகின்றது. நியோன் உமிழும் ஒளி செம்மஞ்சள் கலந்த சிவப்பு ஒன்றே. நீலம் வேண்டின் ஆகன் வாயுவோடு இரசத்துளி சேர்ப்பர். ஏனைய நிறங்கள் குழாயின் உட்புறம் பூசிய ஒளிர்பொடியாலும் நிறக் கண்ணாடியாலும் உண்டாவன. ஆகவே கடைவீதியிற் காணும் 'பச்சை நியோன்' நியோனே அன்று. நல்லெண்ணெய் என்பது எள்ளின் நெய்யாயிருக்கத் தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய் என்று பிறவற்றையும் எண்ணெய் என்று வழங்குகின்றோமல்லவா? அதுபோல இதுவும் ஒரு பெயர் பலவற்றுக்குப் பரவிய வழக்கு.

இவ்வறிவாற் படத்துக்கு ஒரு பயன் உண்டு. நிறங்களைத் தெரிந்தெடுக்கும்போது வானவில் முழுவதையும் வாரி இறைத்தல் கூடாது. செம்மஞ்சட் சிவப்பைத் தலைமை நிறமாக வைத்து, ஆகன் நீலத்தைத் துணையாக்கி, மூன்றாவதாக ஓர் இளஞ்சிவப்பையோ பச்சையையோ அருகிச் சேர்த்தாற் போதும். ஏழு நிறங்களையும் இட்ட எம் மாணாக்கரின் முதற்படத்திற் கண் எங்கே தங்குவதென்றறியாது அலைந்தது.

இனிச் செய்முறைக்கு வருவாம். போட்டோஷொப் ஆயினும், விலையின்றிக் கிடைக்கும் கிம்ப் ஆயினும் முறை ஒன்றே. மூலப்படத்தைத் தொடாது அதன் படியொன்றிலேயே வேலை செய்க. பகலிற் பிடித்த படத்தை இரவாக்குதல் அரிது. வெயிலும் நிழலும் பொய்யைக் காட்டிக் கொடுத்துவிடும். மேகம் மூடிய மாலையில், அல்லது ஞாயிறு மறைந்து சிறிது நேரங் கழித்து வானம் கருநீலமாய் நிற்கும் வேளையில் எடுத்த படமே ஏற்றது. அதனை வளைகோட்டுக் கருவியால் இருட்டிச் சிறிது நீலஞ் சேர்க்க வேண்டும். முற்றாகக் கருக விடலாகாது. சுவர் என்பது தெரிந்தாற்றானே அதன்மேல் ஒளி விழும்?

அடுத்து, படத்தின்மேல் முழுக் கறுப்பான ஒரு படலத்தை இட்டு, அதன் கலப்பு முறையை 'ஸ்கிரீன்' என மாற்றுக. உடனே அக்கறுப்பு முழுவதும் மறைந்து படம் முன்போலத் தோன்றும். மாணாக்கர் இதனை மாயம் என்றனர். இது எளிய கணக்கு. கறுப்பைப் பூச்சியம் என்றும் வெள்ளையை ஒன்று என்றும் கொள்க. இரு படலங்களின் அளவையும் தனித்தனி ஒன்றிலிருந்து கழித்து, எஞ்சியவற்றைப் பெருக்கி, வந்ததை மீண்டும் ஒன்றிலிருந்து கழிப்பதே இம்முறை. சுவரின் அளவு 0.2, விளக்கின் அளவு 0.5 ஆயின், 0.8ஐ 0.5ஆற் பெருக்க 0.4, அதனை ஒன்றிலிருந்து கழிக்க 0.6. வெளிச்சமான இடம் 0.8 ஆயின் விடை 0.9. வெறுமனே கூட்டியிருப்பின் 1.3 ஆகி, வெள்ளையைக் கடந்து வழிந்திருக்கும். விளக்கின் அளவு பூச்சியமாயின் அடியிலுள்ளது சிறிதும் மாறாது. ஒரே திரையில் இரண்டு படவீழ்த்திகள் ஒளியைப் பாய்ச்சினால் இருள் குறைந்து வெளிச்சம் மிகுமேயன்றிக் குறையாது. அத்திரையின் பெயரே முறைக்கும் பெயராயிற்று. வர்ணக் குழம்பிற் சிவப்பும் பச்சையும் கலந்தால் மண்ணிறம் வரும். ஒளியிலோ மஞ்சள் வரும். சித்திரப் பாடத்தில் நன்கு தேறிய மாணவனே இவ்விடத்தில் முதலில் இடறினான்.

இக்கறுப்புப் படலத்தின் மேலேயே விளக்குக் கோடுகளை வரைதல் வேண்டும். கட்டட விளிம்பை ஒட்டிப் பாதையொன்று இட்டு, அதனை மெல்லிய தூரிகையால் நிறமிடுக. படம் 6000 படப்புள்ளி அகலமுடையதாயின் கோட்டின் பருமன் 5 அல்லது 6 புள்ளி போதும். பின்னர் அப்படலத்தை மூன்று படி எடுத்து, முதலாவதை 8 புள்ளியளவும், இரண்டாவதை 40 புள்ளியளவும், மூன்றாவதை 150 புள்ளியளவும் மங்கலாக்குக. முதலாவது குழாயைச் சூழ்ந்த ஒளிர்வு. இரண்டாவது அதன் பரிவேடம். மூன்றாவது ஈரக்காற்றிற் கலந்து நிற்கும் நிறம். மூன்றாவதை மிக மெல்லியதாக்குக. ஹொங்கொங் போன்ற துறைமுக நகரிற் காற்றில் நீராவி மிகுதி. அது இல்லாவிடிற் படம் வறண்டு காணும்.

நடுக்கோட்டின் நிறம் பற்றி ஒரு சொல். சிவப்பு விளக்கெனின் கோடு முழுவதையும் கடுஞ்சிவப்பாக வரைதலே எவருஞ் செய்யும் பிழை. இரவிற் படமெடுக்கும் கருவி, விளக்கின் நடுப்பகுதியை அளவுக்கு மிஞ்சிய வெளிச்சமாகவே பெறுகின்றது. சிவப்பை உணரும் பகுதி முதலில் நிரம்பி வழிய, பின் பச்சையும் நீலமும் நிரம்ப, நடு ஏறக்குறைய வெள்ளையாகிவிடும். நிறம் அதன் ஓரங்களிலேயே தங்கும். ஆதலின் நடுக்கோட்டை வெள்ளையை அண்டிய நிறமாக்கிச் சிவப்பைப் பரிவேடத்துக்கு விடுக. இந்த ஒரு மாற்றத்தால் கடதாசிக் கோடு விளக்காயிற்று.

முன்னே நிற்கும் கட்டடம் பின்னே நிற்கும் விளக்கை மறைக்க வேண்டும் என்பது வெளிப்படை. ஆனாற் பரிவேடம் அப்படியன்று. அதிற் பெரும்பகுதி வில்லையினுள்ளும், இடைநின்ற ஈரக்காற்றிலும் பிறப்பது; ஆதலால் முன்கட்டடத்தின் விளிம்பைக் கடந்தும் சிறிது பரவலாம். சுவரில் விழும் ஒளியோ அச்சுவருக்கே உரியது. அதனைத் தனிப் படலத்தில் மென்றூரிகை கொண்டு, விளக்குக்கு அருகே மிகுத்தும் அகல அகலக் குறைத்தும் தீட்டுக.

இனி நீர். இதிலேயே எமக்கு நான்கு நாள் சென்றது. சிறுவன் கேட்ட கேள்வியும் இதுவே. விளக்குப் படலங்களை ஒன்றாக்கிப் படியெடுத்து, தலைகீழாகத் திருப்பி, அக்கரையின் நீர்க்கோட்டைக் கண்ணாடியின் விளிம்பாகக் கொண்டு பொருத்துக. நீர்க்கோட்டுக்கு எவ்வளவு உயரத்தில் விளக்கு உளதோ, ஏறத்தாழ அவ்வளவு கீழே அதன் சாயல் தொடங்கும். அசையாத குளமாயின் இவ்வளவிற் பணி முடியும். துறைமுகத்தில் அலை உண்டு. ஓடங்கள் இடையறாது செல்லும். ஒவ்வோர் அலைமுகமும் சாய்ந்த சிறு கண்ணாடி. அக்கண்ணாடிகள் நம்மை நோக்கி முன்னும் பின்னும் சாய்வதால் சாயல் அகலத்தில் அதிகம் விரியாது, நீளத்தில் இழுபட்டு ஒளித்தூணாகின்றது. ஆகவே சாயற் படலத்தை மேல்கீழ்த் திசையில் அசைவு மங்கலுக்கு உட்படுத்தி, நம்மை நெருங்க நெருங்கக் கிடைக்கோடுகளாற் சிறிது சிறிதாக அறுத்துவிடுக. அக்கரை நீரைத் தாழ்ந்த கோணத்திற் பார்க்கின்றோமாதலின் அங்கே சாயல் வலிது. காலடி நீரை மேலிருந்து பார்க்கின்றோமாதலின் இங்கே மெலிது. இரு தூண்கள் கலக்குமிடத்தில் நிறங்கள் கூடிப் புதுநிறம் தரும். 'ஸ்கிரீன்' முறை அதனைத் தானே செய்துகொள்ளும். ஈற்றில், மூலப்படத்தில் உள்ள மணற்பொடி போன்ற துகளைப் புதுப் படலங்களுக்கும் சிறிது தூவுக. அஃதின்றேற் புதியது வழவழப்பாய்த் தனித்து நிற்கும்.

படம் இப்போது நம்பத் தகுந்ததாயிற்று. அதனாலேயே புதிய இடர் தோன்றிற்று.

பழைய மாணவர் வந்து பார்த்தார், மகிழ்ந்தார். வான்சாய்க் கரையில் ஒரு மாடியைச் சுட்டி, "இதன் உச்சியில் ஒரு பெரிய எழுத்து விளம்பரம் நின்றது, அதையும் போட்டால் நன்று" என்றார். மேல்வகுப்பு மாணவன் ஒருவன் தயங்கி, "அது இப்பவும் அங்கே நிற்குதோ, ஐயா?" என்றான். அவர் சற்று நேரம் மறுமொழி கூறவில்லை. பின், தாம் போன முறை அதைக் காணவில்லை என்றார்.

அந்நகரின் செய்தி அறிந்தோர்க்கு இது வியப்பன்று. நியோன் பலகைகளின் பேரிருப்பிடம் கடற்கரை வரிசையினும் நேதன் வீதி, மொங் கொக் முதலிய தெருக்களே. கண்ணாடிக் குழாயைத் தீயில் வாட்டிக் கையால் வளைத்து எழுத்தாக்கிய தொழிலாளர் அங்கே பலர் இருந்தனர். கைதாக் விமான நிலையம் 1998இல் மூடப்படும் வரை, விமானிகளின் கண்ணை மயக்காதபடி மின்னி மின்னி அணையும் விளக்குகளுக்கு அங்கே தடை இருந்தது. அந்நகர நியோன் அசையாது நின்றெரிந்தது அதனாலேயே. பிற்காலத்திற் செலவு குறைந்த எல்ஈடி விளக்குகள் வந்தன. அனுமதியற்ற பலகைகளை அகற்றும் அரசின் நடவடிக்கையும் இறுகியது. சாய் யிங் புன் பகுதியில் உணவகமொன்றின் வாயிலில் நெடுங்காலம் தொங்கிய நியோன் பசு 2015இல் இறக்கப்பட்டு, எம்பிளஸ் அருங்காட்சியகத்தின் சேகரிப்பைச் சேர்ந்தது.

ஆகவே நாம் அவ்விளம்பரத்தை வரைந்திருப்பின், இன்று இல்லாத ஒன்றை இன்றைய படத்தில் நிறுத்தியிருப்போம். இருபது ஆண்டுகளின் பின் அதனைக் காண்பவன் சான்றெனக் கொள்ளமாட்டானா? உலகச் செய்திப்படப் போட்டியில் எடுத்த படத்தோடு எதனையுஞ் சேர்த்தல் கூடாதென்பது விதி. எமது செய்திப்படம் அன்று, அலங்காரப்படம் எனலாம். ஆனாற் சுவரில் தொங்கும் படம் தன் குலத்தைத் தானே கூறுவதில்லை. மாணாக்கர் இரு கட்சியாகி வாதிட்டனர். முதியவரின் நினைவுக்கு மதிப்பில்லையா என்றது ஒரு கட்சி. நினைவை நினைவென்று எழுதினால் மதிப்புக் குறையுமா என்றது மற்றையது. எனக்குப் பின்னதே உடன்பாடு. ஆயினும் முடிவை அவர்களிடமே விட்டேன்.

எழுத்து விளம்பரம் எதனையும் சேர்ப்பதில்லை. நிறமும் ஒளியும் மாத்திரம் ஏற்றுவது. மூலப்படத்தையும் பக்கத்தில் அதே அளவில் தொங்கவிடுவது என்று முடிவாயிற்று. பழைய மாணவருக்கு முதலில் இது உவப்பாயில்லை. பின்பு குறிப்பட்டையைத் தாமே எழுதித் தருவதாகக் கூறி, மேசையருகே அமர்ந்து இருமுறை அடித்துத் திருத்தி எழுதினார். கண்காட்சியில் இரு படங்களின் கீழும் இருந்த வாசகம் இது: "இடப்புறம், அந்திப் பொழுதில் யான் கண்ட ஹொங்கொங். வலப்புறம், யான் சொல்லக் கேட்டு மாணவர் கணினியில் ஒளியேற்றியது."