எச்சரிக்கை கேட்கும் கேள்வி

சி மொழியில், மதிப்பு தராத மாறியைப் படித்தால் கம்பைலர் எச்சரிக்கக்கூடும். அதைத் தொந்தரவாக நினைப்போர் பலர். அந்த நினைப்புக்கு அடியில் இருக்கும் நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: மதிப்பு தராத மாறியில் பூஜ்யம் இருக்கும்.

உண்மை: குளோபல், ஸ்டாட்டிக் மாறிகளுக்கு மட்டுமே சி மொழி அந்த உறுதியைத் தருகிறது. ஃபங்ஷனுக்குள் அறிவிக்கும் சாதாரண மாறி பெரும்பாலும் ஸ்டாக்கில் இடம்பிடிக்கும். அதே இடத்தை முன்பு பயன்படுத்திய ஃபங்ஷன் விட்டுப்போன மிச்சம் அங்கே கிடக்கும். சோதனையில் பூஜ்யம் வந்தால் அது தற்செயல்.

நம்பிக்கை: என் கணினியில் சரியாகத்தானே ஓடுகிறது!

உண்மை: ஆப்டிமைசேஷனைக் கூட்டினாலோ கம்பைலரை மாற்றினாலோ அதே நிரல் வேறு விடை தரலாம். அந்த மாறிக்கு எந்த மதிப்பையும் வைத்துக்கொள்ளக் கம்பைலருக்கு உரிமை உண்டு. ஒரு இஃப் கிளையையே அது நீக்கிவிடவும் கூடும்.

நம்பிக்கை: எச்சரிக்கை வராவிட்டால் பிழை இல்லை.

உண்மை: ஜிசிசி கம்பைலரில் டபிள்யூ-ஆல் (-Wall) போன்ற ஆப்ஷன் கொடுத்தால்தான் இந்த எச்சரிக்கையே வரும். ஒரு கிளையில் மட்டும் மதிப்பு விடுபட்டிருந்தால், ஆப்டிமைசேஷன் இல்லாமல் அது பெரும்பாலும் கண்ணில் படாது. அதனால் வால்கிரைண்ட் போன்ற கருவியிலும் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

நம்பிக்கை: எல்லா மாறிக்கும் பூஜ்யம் போட்டுவிட்டால் தீர்ந்தது.

உண்மை: பேருந்துக் கட்டணம் கணக்கிடும் நிரலில் ஒரு பயணி வகையை எழுத மறந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூஜ்யம் போட்டதும் கம்பைலர் மௌனமாகும். அந்தப் பயணிக்கு இலவச டிக்கெட் கிழியும். பிழை அங்கேயே இருக்கிறது, காட்டிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை.

நம்பிக்கை: புகார் வரும் வரியை நீக்கினால் போதும்.

உண்மை: 2006-இல் டெபியன் லினக்ஸில் இதைத்தான் செய்தார்கள். குறியாக்கத்துக்கான ஓபன்எஸ்எஸ்எல் நிரல் மதிப்பு தராத நினைவகத்தைப் படிப்பதாக வால்கிரைண்ட் சொன்னது. அதற்காக இரண்டு வரிகள் எடுக்கப்பட்டன. அவற்றில் ஒன்றுதான் குறியாக்கச் சாவி உருவாக்கத் தேவையான ரேண்டம் தரவைச் சேர்த்துவந்தது. அது போனதும், ஒவ்வொரு முறையும் மாறும் தரவாக மிஞ்சியது பிராசஸ் எண் மட்டுமே. அன்றைய வழக்கமான அமைப்பில் அதற்கு 32,768 மதிப்புகள்தான். ஊகிக்கவே முடியாததாக இருக்க வேண்டிய சாவியை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். 2008 மே மாதம் உண்மை வெளிவந்தபோது, அந்த மாற்றத்துக்குப் பின் டெபியனிலும் உபுண்டுவிலும் இந்த நிரலால் உருவான சாவிகளைத் தூக்கியெறிந்து புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது.

‘இந்த இடத்தில் இந்த மாறியில் என்ன இருக்க வேண்டும்?’ என்றுதான் எச்சரிக்கை கேட்கிறது. விடை நிரலை எழுதியவருக்கே தெரியும். அதைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.