காஸ்டிக் சோடாவா, நொதியா?

காயக் காயப் பெருகும் சிதைவுப் பொருள்களான மொத்த முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் மறுபடி பொரிக்கக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. பஜ்ஜிக் கடையும் ஓட்டலும் கழித்துவிடும் அந்தக் கறுத்த எண்ணெயைப் பயோடீசலாக மாற்றலாம். பயோடீசல் என்பது வேதியியல் கணக்கில் எஸ்டர்தான். அதைக் காஸ்டிக் சோடாவால் செய்வதா, நொதியால் செய்வதா?

இரண்டிலும் கணக்கு ஒன்றே. 1,000 கிலோ எண்ணெயோடு சுமார் 110 கிலோ மெத்தனால் வினைபுரிந்தால் ஏறத்தாழ 1,000 கிலோ எஸ்டரும் 100 கிலோ கிளிசரினும் கிடைக்கும்.

சுத்திகரித்த புது எண்ணெய் என்றால் யோசிக்கவே வேண்டாம், காஸ்டிக் சோடாதான். 60 டிகிரி சூடு, ஒரு மணி நேரம், வேலை முடிந்தது, விலையும் மலிவு. நொதி விற்பவர்கள் என்ன சொன்னாலும் இந்த இடத்தில் அதற்கு ஈடில்லை. ஆனால் பலமுறை காய்ந்த எண்ணெயில் கொழுப்பு அமிலங்கள் பிரிந்து கிடக்கும். அவை ஒரு சதவீதத்தைத் தாண்டினால் காஸ்டிக் சோடா அவற்றைச் சோப்பாக்கிவிடுகிறது. எஸ்டரும் கிளிசரினும் பிரியாமல் குழம்பி நிற்கும். கழுவக் கழுவக் கழிவுநீர் பெருகும், விளைச்சல் குறையும்.

லிபேஸ் நொதிக்கு இந்தத் தொல்லை இல்லை. நாம் சாப்பிட்ட கொழுப்பைக் கணையம் உடைப்பதும் இதே குடும்பத்து நொதியால்தான். பிரிந்து கிடக்கும் அமிலத்தையும் அது எஸ்டராக்கிவிடும். சோப்பு உருவாகாது, 35 முதல் 45 டிகிரி சூடே போதும். பதிலுக்கு அது கேட்பது நேரம்: மணிக்கணக்கில், சில சமயம் ஒரு நாள் முழுக்க. மெத்தனாலை மொத்தமாக ஊற்றினால் நொதி செத்துப்போகும் என்பது இன்னொரு சிக்கல். ஜப்பானின் ஷிமாடா குழுவினர் 1999-ல் இதற்கு வழி சொன்னார்கள். மெத்தனாலை மூன்று தவணையாகச் சேர்த்து, ஒரே நொதியை 50 சுற்றுகள் ஓட்டியும் 95 சதவீதத்துக்கு மேல் மாற்றம் கண்டார்கள்.

அவர்கள் எடுத்துக்கொண்டது கேண்டிடா அண்டார்க்டிகா என்னும் ஈஸ்ட்டின் லிபேஸ். அதைப் பிசின் மணிகளில் ஒட்டவைத்து விற்கும் 'நோவோசைம் 435' ஆய்வுக்கூடங்களில் பிரபலம். மணிகளை வடிகட்டி மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். ஆனால் விலை எக்கச்சக்கம். ஓட்டல் எண்ணெயின் பிசுக்கும் கிளிசரினும் மணிகளின் மேல் படிந்து வேலையைக் கெடுக்கும். கழிவெண்ணெய் ஆலைக்கு இதை வாங்குவது வீண்செலவு.

திரவ நொதி அப்படியல்ல. தெர்மோமைசிஸ் லனுஜினோசஸ் என்ற பூஞ்சையின் லிபேஸ் திரவமாகவே விலை குறைவாகக் கிடைக்கிறது. 2014-ல் நோவோசைம்ஸ் நிறுவனம் 'எவெர்சா' என்ற பெயரில் பயோடீசலுக்கென்றே ஒரு திரவ நொதியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. எண்ணெயும் நீரும் சந்திக்கும் பரப்பில்தான் இந்த லிபேஸ் வேலை செய்யும் என்பதால் கொஞ்சம் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீராலேயே கடைசியில் சில சதவீத அமிலம் எஸ்டராகாமல் மிஞ்சும். சிறிதளவு காஸ்டிக் கொண்டு அதை நீக்க வேண்டியிருக்கும். காஸ்டிக்கை அடியோடு விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

விலையுயர்ந்த மணி நொதிக்கும் ஓர் இடம் உண்டு: அழகுசாதனம். முகக் களிம்புகளில் சேரும் மைரிஸ்டில் மைரிஸ்டேட் போன்ற எஸ்டர்களை ரசாயன முறையில் செய்ய 180 டிகிரியும் அதற்கு மேலும் சூடு தேவை. அதில் நிறமும் வாடையும் ஏறும், பிறகு அவற்றை நீக்கச் செலவு. நொதியோடு 60 டிகிரியில் செய்தால் சரக்கு வெளுப்பாகவே வரும். கிலோவுக்கு நல்ல விலை கிடைக்கும் பொருள் என்பதால் நொதியின் செலவும் கட்டுப்படியாகும்.

ஆகவே நொதியின் விலையைக் கேட்கும் முன் எண்ணெயில் பிரிந்து கிடக்கும் அமிலத்தின் அளவைச் சொல்லும் அமில எண்ணைச் சோதித்துப் பாருங்கள். அது 2-க்குக் கீழே இருந்தால் காஸ்டிக், 10, 20 என்று ஏறியிருந்தால் திரவ நொதி. இடைப்பட்ட எண்ணெய்க்கு இரண்டு முறையிலும் ஒரு சிறு தொகுதி செய்து, கழிவுநீர்ச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகு இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுங்கள்.