தெரிந்தும் தட்டும் விரல்

உயர்நிலை மூன்றில் படிக்கும் மாணவி ஒருத்தியைக் கற்பனை செய்து பார்க்கலாம். காலையில் வகுப்பில் அவளுடைய குழு இணைய மோசடி பற்றிப் பேசியது. “முன்பின் தெரியாதவர் அனுப்பும் இணைப்பைத் தொடாதீர்” என்ற வரியைச் சுவரொட்டியில் எழுதியவள் அவள்தான். ஆசிரியரும் பாராட்டினார்.

மாலையில் கூட்டமான பேருந்தில் நின்றுகொண்டு வீடு திரும்பும்போது அவளுடைய திறன்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. “உங்கள் பொட்டலம் வந்துள்ளது. முகவரி முழுமையாக இல்லை. 50 காசு செலுத்தி இன்றே உறுதி செய்யவும்.” கீழே ஓர் இணைப்பு. மூன்று நாள்களாக அவள் ஒரு சோடிக் காலணிக்காகக் காத்திருந்தாள். அம்மாவின் கடன்பற்று அட்டையைக் கொண்டு இணையத்தில் வாங்கியது அது. ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி மறு கையின் கட்டைவிரலால் இணைப்பைத் தட்டினாள். குறித்து வைத்திருந்த அட்டை எண்ணை நிரப்பினாள். இறங்க வேண்டிய நிறுத்தம் வந்துவிட்டது.

அவள் அறியாமல் செய்தாள் என்று சொல்ல முடியாது. காலையில் எழுதிய வரி அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால், அந்தச் செய்தி ‘முன்பின் தெரியாதவர்’ அனுப்பியதாக அவளுக்குத் தோன்றவே இல்லை. அவள் எதிர்பார்த்திருந்த பொருளைப் பற்றி, எதிர்பார்த்திருந்த நாளில் வந்த செய்தி அல்லவா அது!

அறிவுக்கும் செயலுக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியை ஜெர்மனியின் எர்லாங்கன்-நியூரம்பெர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தனர். 2016ஆம் ஆண்டு வெளிவந்த அந்த ஆய்வில் ஏறத்தாழ 1,700 மாணவர்கள் இடம்பெற்றனர். விருந்தில் எடுத்த படங்கள் இங்கே உள்ளன என்று கூறும் செய்தியும் ஓர் இணைப்பும், மின்னஞ்சல் வழியாகவோ ஃபேஸ்புக் வழியாகவோ அவர்களுக்கு அனுப்பப்பட்டன. அனுப்பியவரின் பெயர் கற்பனைப் பெயர். பின்னர் கேட்டபோது, இத்தகைய இணைப்புகளின் ஆபத்து தங்களுக்குத் தெரியும் என்று 78 விழுக்காட்டினர் கூறினர். முதல் சோதனையில், இணைப்பைத் தட்டியதாக ஒப்புக்கொண்டவர்கள் 20 விழுக்காட்டினர் மட்டுமே. உண்மையில் தட்டியவர்களோ 45 விழுக்காட்டினர்!

தட்டியவர்கள் சொன்ன காரணங்கள் ஆய்வின் சுவையான பகுதி. பலருக்குப் படங்களைப் பார்க்கும் ஆவல். சிலருக்கு அதே பெயரில் ஒரு நண்பர் இருந்தார். வேறு சிலர் முந்தைய வாரம் அறிமுகமில்லாத பலர் வந்திருந்த விருந்துக்குச் சென்றிருந்தனர். செய்தியில் இருந்த ஓட்டைகளை எல்லாம் அவர்கள் தங்கள் வாழ்க்கையில் நடந்தவற்றைக் கொண்டே அடைத்துக்கொண்டனர். மோசடி செய்பவர் முழுப் பொய்யையும் சொல்லத் தேவையில்லை. பாதியைச் சொன்னால் போதும். மீதியைப் படிப்பவரே எழுதிக்கொள்வார்.

இது புதிய தந்திரமும் அன்று. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘ஐ லவ் யூ’ என்ற தலைப்பைத் தாங்கிய மின்னஞ்சல் பிலிப்பீன்சிலிருந்து கிளம்பி உலகெங்கும் பரவியது. இணைத்திருந்த கோப்பைக் காதல் கடிதம் என்று எண்ணித் திறந்தவர்களின் கணினியில் கிருமி நுழைந்தது. அவர்களுடைய முகவரிப் பட்டியலில் இருந்த அனைவருக்கும் அது தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. அதனால் பெறுபவருக்கு அது உடன் பணிபுரிபவரிடமிருந்தோ நண்பரிடமிருந்தோ வந்த கடிதமாகவே தெரிந்தது. சில நாள்களுக்குள் பல மில்லியன் கணினிகள் பாதிக்கப்பட்டன.

சிங்கப்பூரில் பலரை உலுக்கிய நிகழ்வு 2021ஆம் ஆண்டு டிசம்பரில் நடந்தது. ஓசிபிசி வங்கியின் பெயரில் வாடிக்கையாளர்களுக்குக் குறுஞ்செய்திகள் வந்தன. கணக்கில் சிக்கல் இருப்பதாகவும் அதைத் தீர்க்க இணைப்பைத் தட்டவேண்டும் என்றும் அவை கூறின. இணைப்பு, வங்கியின் இணையத்தளத்தைப் போலவே அமைந்த போலித் தளத்திற்கு அழைத்துச் சென்றது. அங்கே கடவுச்சொல்லை நிரப்பியவர்களின் சேமிப்பு கைமாறியது. மொத்தம் 790 பேர் 13.7 மில்லியன் வெள்ளியை இழந்தனர். அவர்களுள் இருபது வயதுகளில் இருந்தவர்களும் உண்டு. பின்னர் வங்கி நல்லெண்ண அடிப்படையில் அத்தொகையை அவர்களுக்கு வழங்கியது.

இவர்களை ஏமாளிகள் என்று கூறுவது நியாயமாகாது. குறுஞ்செய்தி அனுப்புபவர், தம் எண்ணுக்குப் பதிலாக ஒரு பெயர் தெரியும்படி அனுப்ப முடியும். அன்று யார் வேண்டுமானாலும் வங்கியின் பெயரை அப்படிப் பயன்படுத்த வாய்ப்பு இருந்தது. திறன்பேசியோ ஒரே பெயரில் வரும் செய்திகளை எல்லாம் ஒரே வரிசையில் அடுக்கிவிடும். அதனால் போலிச் செய்தி, அதே வங்கி முன்பு அனுப்பிய உண்மையான செய்திகளுக்குக் கீழே போய் அமர்ந்துகொண்டது. நீண்ட காலம் நம்பிப் பழகிய கதவின் வழியாகத் திருடன் உள்ளே வந்தான்.

உளவியல் அறிஞர் டேனியல் கானமன், மனம் இரண்டு விதமாக இயங்குவதாக விளக்கினார். ஒன்று வேகமானது, பழகியதைக் கண்டவுடன் செயல்படும். மற்றொன்று மெதுவானது; எடைபோட்டுப் பார்க்கும். ஒரு நாளில் வரும் ஒவ்வொரு செய்தியையும் எடைபோட்டுக்கொண்டிருந்தால் யாராலும் எந்த வேலையும் செய்ய இயலாது. ஆகவே, பெரும்பாலான நேரத்தில் வேகமான மனமே பொறுப்பில் இருக்கிறது. ‘இன்றே’, ‘உடனே’, ‘கணக்கு முடக்கப்படும்’ போன்ற சொற்கள் மெதுவான மனம் விழித்துக்கொள்வதற்குள் வேலையை முடிக்கவே சேர்க்கப்படுகின்றன.

மக்களை எச்சரிப்பது மட்டும் போதாது என்பதை அந்த டிசம்பர் மாதம் உணர்த்தியது. 2022ஆம் ஆண்டு ஜனவரியில் சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் புதிய நடவடிக்கைகளை அறிவித்தன. வங்கிகள் தனிப்பட்ட வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் குறுஞ்செய்திகளிலிருந்தும் மின்னஞ்சல்களிலிருந்தும் இணைப்புகள் நீக்கப்பட்டன. கைத்தொலைபேசியில் புதிய பாதுகாப்புக் குறியீட்டுச் செயலியை இயக்க, குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்ற விதி வந்தது. தாமதம் வாடிக்கையாளருக்குத் தொல்லைதான். ஆனால் அந்த 12 மணி நேரம் மெதுவான மனம் விழிப்பதற்குக் கிடைக்கும் அவகாசம். 2023ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் தேதியிலிருந்து, பெயரில் குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனங்கள் அப்பெயரைப் பதிவுசெய்வது கட்டாயமானது.

ஒரு கதவு அடைபட்டதும் மோசடிக்காரர்கள் அடுத்த கதவைத் தேடினர். வாட்ஸ்அப், டெலிகிராம் போன்ற தளங்களில் வேலை வாய்ப்பு, மலிவான நுழைவுச்சீட்டு, முதலீடு என்று தூண்டில்கள் பெருகின. 2024இல் மட்டும் சிங்கப்பூரில் மோசடியால் இழந்த தொகை 1.1 பில்லியன் வெள்ளியை எட்டியது. பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ பத்தில் எழுவர் ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்கள். தாத்தா பாட்டிகள்தாம் ஏமாறுவார்கள் என்று எண்ணும் இளையர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்கவேண்டும்.

ஏமாந்த பிறகு வரும் வெட்கம், இழப்பை மேலும் பெரிதாக்குகிறது. ஜெர்மானிய மாணவர்கள் பலர், தட்டியதை மறந்துவிட்டார்களோ, சொல்லக் கூசினார்களோ! வங்கிக்கு உடனே தெரிவித்தால் அட்டையை முடக்கலாம். கணக்கையும் நிறுத்தி வைக்கலாம். சந்தேகம் எழுந்தால் 1799 என்ற எண்ணில் உதவி கேட்கலாம். ஆனால், ‘படித்தவன் இப்படிச் செய்யலாமா?’ என்ற கேள்விக்கு அஞ்சி வாய் திறக்காமல் இருக்கும் நேரத்தில் பணம் பல கணக்குகளைக் கடந்து போய்விடும்.

பேருந்திலிருந்து இறங்கிய அந்த மாணவிக்கும் அதே தயக்கம்தான். மின்தூக்கியில் ஏறும்போது செய்தியை மறுபடி படித்தாள். நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. காலையில் எழுதிய சுவரொட்டி நினைவுக்கு வந்தது, முகம் சூடானது. அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டாள். இரவு உணவின்போதுதான் அவளால் பேச முடிந்தது.

“அம்மா, ஒன்னு சொன்னா திட்ட மாட்டீங்களே?”

அவள் சொல்லி முடிக்கும்வரை அம்மா குறுக்கே பேசவில்லை.

“முதல்ல என் கைப்பையை எடுத்துட்டு வா. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்.”

அட்டையின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருந்த எண்ணை அம்மா அழுத்தினார். அதற்குள் இரண்டு மணி நேரம் கழிந்திருந்தது. 380 வெள்ளி ஏற்கெனவே போயிருந்தது. அதே இடத்திலிருந்து கேட்கப்பட்டிருந்த 900 வெள்ளியை வங்கி அதிகாரி நிறுத்தினார்.