பெயர் கடைசியில் வரட்டும்

கோவளம்

அன்புள்ள மகளுக்கு,

அறிவியல் அருங்காட்சியகத்தில் காட்சிகளுக்கு விளக்கம் அமைக்கும் வேலை கிடைத்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். மகிழ்ச்சி அம்மா. ‘கடினமான அறிவியலை எளிமையாக்கிச் சொல்வதுதானே பெரியப்பா என் வேலை?’ என்றும் கேட்டிருந்தாய். பாதி சரி. எளிமையாக்கும் வேலையைப் பாடநூல் செய்கிறது, யூடியூபும் செய்கிறது. அதற்காக ஒருவர் பஸ் ஏறிக் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கம் வரை வர வேண்டியதில்லை. நேரில் வந்து நிற்பவருக்கு மட்டும் கிடைக்கிற ஒன்று உண்டு. ஒரு நிகழ்வை, யாரும் விளக்குவதற்கு முன்பே, தன் கண்ணால் பார்த்துத் திகைப்பது. பாடநூல் முதலில் பெயரைச் சொல்லும், பிறகு வரையறை, கடைசியில் எடுத்துக்காட்டு. காட்சிக்கூடத்தில் இது தலைகீழாக வேண்டும்: முதலில் நிகழ்வு, அடுத்து பார்ப்பவருக்குள் எழும் கேள்வி, பெயரும் விளக்கமும் கடைசியில். உன் வேலையின் சாரம் இந்த வரிசை மாற்றம்தான் என்பது என் கருத்து.

நம் கரையையே எடுத்துக்கொள். 1870களில் சென்னைத் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் எழத் தொடங்கின. அதன்பின் தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்து கரை அகன்றது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடல் கரையை அரித்தது; பிற்காலத்தில் பாறாங்கல் கொட்டித் தடுக்க வேண்டிவந்தது. அலைகள் சாய்வாக வந்து மோதுவதால் மணல் கரையோடு நகர்கிறது. ஆண்டின் பெரும்பகுதி வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கு நோக்கியும் போகிறது. கூட்டிக் கழித்தால் வடக்கு நோக்கிய போக்கே மிஞ்சும். குறுக்கே ஒரு சுவர் வந்துவிட்டால் ஒரு பக்கம் சேரும், மறுபக்கம் குறையும். இதைப் பலகையில் எழுதினால் நான்கு பத்தியும் ஒரு வரைபடமும் ஆகும். வருகிறவர் தலைப்பைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுவார். அதையே ஒரு நீர்த்தொட்டியாக அமைத்துப் பார். உள்ளே மணற்கரை, ஒரு மூலையில் சாய்வாக அலை எழுப்பும் துடுப்பு, பக்கத்தில் ஒரு மரக்கட்டை, ‘இங்கே ஒரு துறைமுகம் கட்டுங்கள்’ என்ற ஒரே வரி. கட்டையை வைத்தவர், ஒரு பக்கம் மணல் குவிய மறுபக்கம் கரைவதைக் காண்பார். ‘ஏன் இந்தப் பக்கம் மட்டும்?’ என்று அவருக்குத் தோன்றும் இடத்தில் மெரினாவின் பழைய வரைபடத்தையும் இன்றைய வரைபடத்தையும் வை. சொன்ன செய்தி ஒன்றுதான். இப்போது அது அவர் தேடிய பதிலாகிவிடுகிறது.

இதற்குச் சான்று இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட கண்காட்சிகளில் பார்வையாளர்களைக் கவனித்து பெவர்லி செரல் 1998-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கண்காட்சி எவ்வளவு பெரியதானாலும், பொருள் எதுவானாலும், பெரும்பாலோர் அதில் செலவிடும் நேரம் 20 நிமிடத்துக்கும் குறைவு என்பது அதில் தெரியவந்தது. அந்த நேரத்தில் பார்வையாளர் வரையறைகளைப் படித்து முடித்து நிகழ்வுக்கு வந்து சேருவார் என்று நாம் நம்ப முடியாது. எது முதலில் கண்ணில் படுகிறதோ அதுவே பலருக்கும் முழுப் பாடம். இயற்பியலாளர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் 1969-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய எக்ஸ்ப்ளோரடோரியம், பார்வையாளரே தொட்டு, இயக்கி, மாற்றிப் பார்க்கும் கருவிகளை மையமாக வைத்தது. உலகெங்கும் பல அறிவியல் மையங்கள் அந்த வழியைப் பின்பற்றின.

இன்னொரு காரணமும் உண்டு. உன் காட்சிக்கு முன் வந்து நிற்பவர் வெறுங்கையோடு வருவதில்லை. கோவளத்து மீனவர் ஒருவர் அந்தத் தொட்டியின் முன் நிற்பதாக வைத்துக்கொள். வாடைக்காற்றுக் காலத்தில் நீரோட்டம் எப்படித் திரும்பும், விட்ட வலை எந்தப் பக்கம் இழுபடும் என்பது அவருக்குத் தொழில். நீரோட்டத்துக்குத் தெண்டி, வன்னி என்று பெயர் வைத்துப் பேசுகிறவரிடம் வரையறையை முன்னால் நீட்டினால், ஒன்றும் தெரியாதவராக அவரை நிறுத்திவிடுகிறோம். நிகழ்வை முன்னால் வைத்தால், அவர் பக்கத்தில் நிற்கும் பேரப்பிள்ளைக்கு அவரே விளக்குவார். குடும்பமாக வருகிற நம் ஊர்ப் பார்வையாளர்களிடம் இது பெரிய பலம். தொட்டியைச் சுற்றி நாலு பேர் நிற்கவும், சிறுவனும் எட்டிப் பார்க்கவும் இடம் விட வேண்டும் என்ற முடிவும் இதிலிருந்தே வரும்.

எதிர்ப்புகள் வரும். ‘இது அறிவியலை விளையாட்டாக்குவது, துல்லியம் போய்விடும்’ என்று விஞ்ஞானி சொல்வார். பாதி நியாயம். பல்லாண்டுகளில் நடந்ததைத் தொட்டி சில நிமிடங்களில் காட்டிவிடுகிறது. பருவந்தோறும் திசை மாறும் அலை அதில் இல்லை. ஆகவே மாதிரி எந்த இடத்தில் உண்மையிலிருந்து விலகுகிறது என்பதைப் பலகையில் கட்டாயம் எழுது. அந்த வாசகத்தை விஞ்ஞானியிடம் காட்டித் திருத்தி வாங்கு. பெயரையும் விளக்கத்தையும் கடைசிக்குத் தள்ளினோமே தவிர, தள்ளுபடி செய்யவில்லை என்பது அப்போது அவருக்கும் புரியும். ஆசிரியர் வேறு விதமாகக் கேட்பார்: தேர்வுக்கு வேண்டிய வரையறை எங்கே? அதுவும் இருக்கும், காட்சியின் முடிவில். வகுப்புக்குத் திரும்பியதும் அவர் பாடத்தை அங்கிருந்து தொடரலாம். பார்த்ததற்குப் பெயர் வைப்பது, பார்க்காததன் பெயரை மனப்பாடம் செய்வதைவிடச் சுலபம்.

மூன்றாவது எதிர்ப்புதான் கனமானது. தொடும் பொருள் உடையும், துடுப்பு நிற்கும், மணல் அடைக்கும். பேசாமல் ஒரு தொடுதிரை வைத்துவிடலாமே என்பார்கள். பழுதாகி ‘வேலை செய்யவில்லை’ என்ற அட்டை தொங்கும் காட்சி, இல்லாத காட்சியைவிட மோசம் என்பது உண்மை. ஆனால் கைபேசியில் பார்க்கக்கூடியதையே திரையில் காட்டினால், முன்பு சொன்ன பஸ் செலவுக்கு நியாயம் கிடைக்காது. பழுது பார்க்கும் பணத்தையும் மாற்றுப் பாகங்களையும் முதல் மதிப்பீட்டிலேயே கேட்டு வாங்கு. நம் கடைத்தெருவில் கிடைக்கும் மோட்டாராகப் பார்த்து வடிவமை. கூடவே, இயக்கும் பகுதிகளைக் குறை. பொத்தானும் கைப்பிடியும் பெருகினால் முக்கியமான நிகழ்வையே பார்வையாளர் தவறவிடுகிறார் என்று எக்ஸ்ப்ளோரடோரியத்தைச் சேர்ந்த சூ ஆலனும் ஜோஷுவா கட்வில்லும் 2004-இல் எழுதிய கட்டுரை எச்சரிக்கிறது. ஒரு காட்சிக்கு ஒரு செயல் போதும், உடைவதும் குறையும்.

கடைசியாக, இதே வரிசை உன் மேசை வேலைக்கும் பொருந்தும் அம்மா. பொதுவாக முதலில் பலகை வாசகம் எழுதப்படும், குழு ஒப்புதல் தரும், பிறகு காட்சி கட்டப்படும், பார்வையாளர் கடைசியில் வருவார். நீ திருப்பிச் செய். பிளாஸ்டிக் டப்பாவிலும் அட்டையிலும் ஒரு கச்சா மாதிரி செய்து கூடத்தில் வை. பக்கத்தில் நின்று விளக்காதே. எங்கே கை போகிறது, எங்கே சலித்து நகர்கிறார்கள், ஒருவருக்கொருவர் என்ன கேட்டுக்கொள்கிறார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள். அவர்கள் கேட்ட கேள்விக்கு, அவர்கள் பேசிய தமிழில், பலகையை எழுது. யாருமே எதுவும் கேட்கவில்லை என்றால் வாசகத்தில் கை வைக்காதே. மாதிரியைக் கலைத்துவிட்டு வேறொன்று செய். குழுவுக்கு முன் உன் வரைவை நீட்டும்போது இந்தக் குறிப்புகளையும் சேர்த்து நீட்டு. புதிதாகச் சேர்ந்த உன் சொல்லை ஒதுக்கத் துணிபவர்கள்கூட, வந்து பார்த்தவர்களின் சொல்லை அவ்வளவு எளிதில் ஒதுக்க மாட்டார்கள்.

அன்புடன்,
பெரியப்பா